பிளாஸ்டிக்கின் முதுமை

பிளாஸ்டிக் அழியாது என்பது நம் காலத்தின் பொதுநம்பிக்கைகளில் ஒன்று. அது மண்ணில் மட்காது, கடலில் கரையாது என்று படித்தே வளர்ந்திருக்கிறோம். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் பரணில் கிடந்த பொம்மைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு வேறொரு உண்மையும் தெரிந்திருக்கும். வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகியிருக்கும். பொம்மையின் கைகால்கள் பிசுபிசுக்கும். சில துண்டுகள் தொட்டதும் நொறுங்கும். குப்பையாக நெடுங்காலம் கிடக்கக்கூடிய அதே பொருள், பொம்மையாக ஒரு மனித ஆயுளைத் தாண்டுவதற்கே திணறுகிறது.

அப்படியொரு பொம்மையை அக்கா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் சிறுவயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த வைனில் பொம்மை. "பேத்திக்குக் கொடுக்கணும், நல்லா சுத்தம் பண்ணிக் கொடுடா" என்றாள். உடலெங்கும் பிசுக்கு, அதன்மேல் அப்பிய தூசி. நெற்றியில் பால்பாயிண்ட் பேனாவால் வைத்த ஒரு நீலப்பொட்டு. அது அக்காவின் கைவேலை. சோப்பும் துணியுமாக ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன். பிளாஸ்டிக் என்று ஒருமையில் சொல்வதே பிழை என்பது பிறகுதான் புரிந்தது. அது பல குலங்களின் பொதுப்பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பிறப்பு, தனி நோய், தனி மரணம்.

*

முதல் குலம் செல்லுலாய்ட். பருத்தி நாரை அமிலங்களில் ஊறவைத்துக் கிடைக்கும் நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செய்வது. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையட் 1870-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரத் தொழிற்சாலையில் ஆமைச் சின்னம் பொறித்த செல்லுலாய்ட் பொம்மைகள் உருவாகத் தொடங்கின. ஜப்பானும் பெரும் உற்பத்தி நாடாக எழுந்தது. காரணம் எளியது. கற்பூர மரங்கள் நிறைந்த தைவான் அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1899-லேயே அங்கே கற்பூர வணிகம் அரசின் தனியுரிமையாகிவிட்டது. ஒரு குழந்தையின் கைப்பொம்மைக்குப் பின்னால் ஒரு காலனியின் காடு இருந்தது.

செல்லுலாய்ட் பொம்மையை விரலால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய கற்பூர வாசனை எழும். சேகரிப்பாளர்கள் அதை அடையாளம் காணும் வழிகளில் இது ஒன்று. அதன் முதுமைக்குக் காரணமும் அதே கற்பூரம்தான். திறந்து வைத்த கற்பூரம் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மையிலிருந்தும் அது ஆண்டுக்கணக்கில் காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. உடல் சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது. எஞ்சும் நைட்ரோ செல்லுலோஸ் சிதையும்போது வெளிவரும் வாயுக்கள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்தச் சிதைவையே மேலும் விரைவாக்குகின்றன. ஆகவே இப்பொம்மையை நீரில் ஊறவைக்கக் கூடாது, பையிலிட்டு மூடக் கூடாது. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பட்டால் கரைந்தே போகும். எளிதில் தீப்பற்றும் என்பதால் 1950-களில் பொம்மைத் தொழில் பெருமளவு இதைக் கைவிட்டது. மேசைப்பந்தாட்டத்தின் பந்துகளில் மட்டும் நீடித்தது. பெரிய சர்வதேசப் போட்டிகள் 2014-ல்தான் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறின.

இரண்டாவது குலம் செல்லுலோஸ் அசிட்டேட். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-ல் காப்புரிமை கோரிய அந்தப் புகழ்பெற்ற கட்டைகள் முதலில் இதில்தான் வார்க்கப்பட்டன. காலப்போக்கில் அவை வளைந்தன, நிறம் மங்கின. 1963-ல் நிறுவனம் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. பழைய அசிட்டேட் சிதையும்போது வினிகர் வாசனை வரும். திரைப்படச் சுருள்களைக் காப்பவர்கள் அஞ்சும் அதே வாசனை. பிந்தைய ஏபிஎஸ் கட்டைகளுக்கும் வெந்நீர் ஆகாது. நாற்பது டிகிரிக்கு மேற்படாத நீரில், மென்மையான சோப்பிட்டுக் கையால் கழுவச் சொல்கிறது அந்நிறுவனம்.

மூன்றாவது, எங்கள் பொம்மையின் குலம்: பிவிசி, அதாவது வைனில். இயல்பில் விறைப்பான இதைக் குழந்தையின் சதைபோல மென்மையாக்க ஓர் எண்ணெய்ப் பொருளைக் கலப்பார்கள். பெரும்பாலும் அது தாலேட் வகை. இது பிவிசியோடு வேதியியல் பிணைப்பில் இல்லை. சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கன்போல உள்ளே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. நாம் அழுக்கென்று எண்ணித் துடைக்கும் பிசுக்கு, பொம்மையின் உள்ளிருந்தே கசிந்த அதன் மென்மை.

பார்பி பொம்மை அறிமுகமானது 1959-ல். அறுபதுகளின் பார்பிகள் சிலவற்றில் காதணியைச் சுற்றிப் பச்சை படரும். தோட்டின் செம்பு வைனிலோடு வினைபுரிந்து, அந்தக் கறை முகத்துக்குள் ஊறுகிறது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய யுவோன் ஷஷுவா போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய பிசுபிசுக்கும் பொம்மைகளை அறிவியல் பொருளாக எடுத்துக்கொண்டனர். பிவிசியை மூடிய கலத்தில் வைத்தால் மென்மைப்பொருள் வெளியேறுவது தணிகிறது என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. செல்லுலாய்டுக்குக் காற்று வேண்டும், வைனிலுக்குக் காற்று ஆகாது. ஒரே பெட்டியில் அருகருகே கிடக்கும் இரண்டு பொம்மைகளில் ஒன்றைக் காப்பாற்றும் வழி மற்றொன்றைக் கொல்லும் வழி.

*

2008-ல் பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ஆர்வலர்கள் நடுவே ஒரு முறை பிரபலமாயிற்று. மஞ்சளான ஏபிஎஸ் உறைகளை ஹைட்ரஜன் பெராக்ஸைடில் நனைத்து வெயிலிலோ புற ஊதா விளக்கின் கீழோ வைப்பது. ரெட்ரோபிரைட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். சில மணி நேரங்களில் வெண்மை திரும்பியது. லெகோ கட்டைகளுக்கும் வெள்ளைக் கவசமணிந்த ஸ்டார் வார்ஸ் வீரர்களுக்கும் அது விரைவில் பரவியது. 1977-ல் படம் வெளியானபோது பொம்மைகளை உரிய நேரத்தில் தயாரிக்க முடியாமல், கென்னர் நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு வெறும் உறுதிச்சீட்டை அட்டை உறையிலிட்டு விற்றது. பொம்மைகள் 1978-ல்தான் வந்து சேர்ந்தன. அப்படிக் காத்திருந்து பெற்றவர்கள் நடுவயதில் அந்த வெண்மையை மீட்க முனைந்ததில் வியப்பில்லை.

ஆனால் மஞ்சள் என்பது மேலே படிந்த பூச்சல்ல. ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர் கூறு ஒளியாலும் ஆக்ஸிஜனாலும் மாறியதன் நிறம் அது. பெராக்ஸைடு அந்த நிறத்தை வெளுக்கிறதே தவிர, நிகழ்ந்த சிதைவைத் திருப்புவதில்லை. மஞ்சள் மீண்டும் வந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்; இருட்டில் வைத்த பொருளிலும் வந்திருக்கிறது. கவனம் தவறினால் மேற்பரப்பு திட்டுத்திட்டாகச் சுண்ணாம்புபோல வெளிறிவிடும். வெளுத்ததைச் சொல்லாமல் விற்பதைச் சேகரிப்பாளர்கள் மோசடியாகவே கருதுகிறார்கள்.

இத்தாலியரான சேசரே பிராந்தி 1963-ல் வெளியான தன் மறுசீரமைப்புக் கோட்பாட்டு நூலில், ஒரு படைப்பு காலத்தின் வழியே கடந்து வந்த தடங்களை அழித்துவிடக் கூடாது என்று வாதிட்டார். அவர் மனதில் இருந்தவை ஓவியங்களும் சிற்பங்களும். அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் கொட்டிய பொம்மைக்கு அது பொருந்துமா? ஓவியத்தைவிடப் பொம்மைக்கே கூடுதலாகப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அச்சிலிருந்து வெளிவந்த நாளில் எல்லாப் பொம்மைகளும் ஒன்றே. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கடிதடமும் கீறலும் கறையும்தான். முழுவதும் துடைத்துவிட்டால் மிஞ்சுவது பொம்மை அல்ல, அதன் அச்சு.

*

எங்கள் பொம்மைக்கு வருகிறேன். வெதுவெதுப்பான நீரில் சில துளி சோப்பு, மென்துணி, மூட்டுகளுக்குப் பழைய பல்துலக்கி. நீர் உள்ளே புகாமல் துடைத்து, நிழலில் உலர்த்தினேன். தூசியும் மேற்பிசுக்கும் போயின. பொட்டு போகவில்லை. பேனாவின் மை காலப்போக்கில் வைனிலுக்குள் ஊறி, மிளகளவு இருந்தது சுண்டைக்காய் அளவுக்குப் பரந்து விளிம்பு மங்கியிருந்தது. முகப்பரு மருந்தான பென்சாயில் பெராக்ஸைடு களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் இத்தகைய மைக்கறை மறையும் என்பது சேகரிப்பாளர்களின் கைப்பழக்கம். சுற்றியுள்ள நிறமும் கூடவே வெளுத்துவிடக்கூடும். களிம்பை வாங்கி வந்தேன். ஒரு வாரம் மேசைமேல் இருந்தது. திறக்க மனம் வரவில்லை.

அக்காவிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். இதைக் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது. இந்தப் பிசுக்கில் இருக்கக்கூடிய தாலேட்டுகளில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் அமெரிக்கா 2008-லும் சட்டமியற்றித் தடுத்துவிட்டன. பேத்திக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், இதை ஒரு கண்ணாடிச் சாடியில் மூடி வைப்போம். இரண்டாவது, நீ வைத்த பொட்டை நான் அழிக்கப்போவதில்லை.

அக்கா பொம்மையை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நான் எங்கடா வச்சேன்? நீதான் வச்சே. அதுக்காக அன்னிக்கு உன்னை அடிச்சேனே, மறந்துட்டியா?"

எனக்குச் சற்றும் நினைவில்லை. சாடி இப்போது அக்காவின் வீட்டு அலமாரியில், வெயில் படாத தட்டில் இருக்கிறது.