தவள மாடு முதல் வீட்டுப் பூனை வரை: நோய் வந்தால் யாரிடம் கேட்டோம்?



கண்டி இராச்சிய காலத்தில் எம்மவர்களில் பலர் மாடுகளோடு வாழ்ந்தவர்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. ‘மடிகே பத்த’ என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் பெரும்பாலும் முஸ்லிம்களே இருந்தார்கள். தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டம் பாக்கும் மிளகும் சுமந்து கரையோரம் இறங்கும். உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக்கொண்டு மலையேறும்.

நடுக்காட்டில் ஒரு மாடு படுத்துவிட்டால் பொதியும் போச்சு, பிழைப்பும் போச்சு. பொதி உரசி வந்த முதுகுப் புண், தேய்ந்த குளம்பு, ஊதிய வயிறு, இதற்கெல்லாம் தவளக்காரர் யாரிடம் கேட்பார்? தன் வாப்பாவிடம், அல்லது வழியிலுள்ள சிங்களக் கிராமத்தில் மாட்டு வைத்தியம் தெரிந்தவரிடம். பச்சிலை கட்டுவார்கள், சூடு வைப்பார்கள். சூடு வைத்ததைப் பற்றி எமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் ஒரே மாட்டைத் தினமும் தொட்டுப் பார்த்தவரின் அறிவைச் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது.

தொற்றுநோய்க்கு முன்னால்தான் அந்த அறிவு தோற்றது. ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் மந்தை மந்தையாய் அழித்தது. ஒருமுறை ஒழிந்த அந்த நோய் 1987இல் திரும்பவும் நாட்டுக்குள் வந்தது. இந்திய அமைதிப் படைக்கு உணவாகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1994க்குப் பிறகு இங்கே அது இல்லை. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி.

அந்த விஞ்ஞானம் இப்போது எமது வாசலிலேயே இருக்கிறது. கொழும்பில் தொடங்கிய மிருக வைத்தியப் படிப்பு பின்னர் பேராதனைக்கு வந்து 1980இல் தனிப் பீடமானது. அதன் போதனா வைத்தியசாலையில் நாய், பூனைகளையும் பார்க்கிறார்கள். கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம், கெட்டம்பேயில் திணைக்களத் தலைமையகம். முழு நாட்டுக்கும் விடை சொல்லும் இடங்கள் எமக்கு ஒரு பஸ் தூரம்.

ஆனாலும் பூனைக்குக் காய்ச்சல் என்றால் நாம் கேட்பது பக்கத்து வீட்டில். “அரை பெனடோல் கரைச்சுக் குடுங்க” என்று பதில் வரும். மாட்டுக்காரர் மாட்டைப் பற்றிச் சொன்னார். இங்கே மனிதனின் மருந்தை மனிதன் பூனைக்குச் சொல்கிறான். பெனடோலிலுள்ள பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும், முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே ஒரு வில்லை போதும், பூனை மௌத்தாகிவிடும். நாய்க்குத் தெள்ளுக்குப் பூசும் பேர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சுதான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? முரசு நிறம் மாறும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் அதற்கு மணித்தியாலங்கள்தான் இருக்கின்றன. வில்லை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.