ஒரே தெரு, இரண்டு அடுப்பு: புலாலும் மரக்கறியும் கடந்து வந்த பாதை

ஊன் கலவாத உணவைத் தமிழர் 'சைவம்' என்கிறோம். ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராகிவிட்டது. அதற்கு எதிர்ச்சொல்லாக 'அசைவம்' என்பதும் பிறந்து, நாம் உண்ணும் உணவு 'இன்னது' என்றில்லாமல் 'இன்னது அல்லாதது' என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் அதே சைவ சமயத்தின் பெரியபுராணத்தில், தாம் வேட்டையாடிய இறைச்சியைச் சுவை பார்த்து இறைவனுக்குப் படைத்த கண்ணப்பர் நாயன்மார்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். உணவு குறித்த வழக்குகள் என்றும் ஒரே நிலையில் நின்றவை அல்ல என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

இன்று வாடகைக்கு வீடு தேடும் நம் குடும்பங்கள் பல, 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற பலகையின் முன் நின்று திரும்புகின்றன. பள்ளியில் மதிய உணவுப் பெட்டியைத் திறக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் முகச்சுளிப்பைக் கண்டு பெட்டியை மூடிக்கொள்கிறது. இது புதிதாக முளைத்த பகை என்று சிலரும், என்றென்றும் இருந்த பகை என்று சிலரும் எண்ணுகின்றனர். இரண்டும் சரியன்று. வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சங்க காலத் தமிழகத்தில் புலால் உணவு இழிவாகக் கருதப்படவில்லை. அந்தணரான கபிலர், தம் கை ஏன் மென்மையாக உள்ளது என்று வியந்த சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனுக்கு, ஊனும் சோறும் உண்பதைத் தவிர வேறு தொழில் அறியாத கை இது என்ற பொருள்படப் புறநானூற்றில் விடை கூறுகிறார். கரிகாலனின் விருந்தில் இறைச்சியைத் தின்று தின்று பல்லே மழுங்கியதாகப் பொருநராற்றுப்படை பேசுகிறது. பெரும்பாணாற்றுப்படையோ, ஊர் ஊராகச் செல்லும் பாணனுக்கு எயினர் குடியில் ஒருவகை உணவும், வலைஞர் குடியில் வேறுவகை உணவும், அந்தணர் இல்லத்தில் மாவடுவும் மாதுளையும் சேர்ந்த ஊனற்ற உணவும் கிடைக்கும் என்று வரிசைப்படுத்துகிறது. ஒரே பாணன் எல்லா வீட்டிலும் உண்கிறான். எந்த வீட்டு உணவும் அவனுக்குத் தீட்டாகவில்லை.

சமண, பௌத்த அறநெறிகள் வேரூன்றியபோது கொல்லாமை ஒரு பெரும் அறமாக எழுந்தது. திருக்குறள் 'புலால் மறுத்தல்' என ஓர் அதிகாரமும், 'கொல்லாமை' என மற்றோர் அதிகாரமும் வகுத்தது. இதை நாம் மதிப்புடன் நோக்க வேண்டும். உயிரின் வலி கண்டு இரங்கிய மனங்களிலிருந்து பிறந்த அறம் அது. ஆனால் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, இரக்கத்தில் தொடங்கிய ஒழுக்கம் சாதிப் படிநிலையின் அளவுகோலாகவும் ஆனது. புலால் உண்ணாதவர் உயர்ந்தவர், ஆடு கோழி உண்பவர் அடுத்தவர், மாட்டிறைச்சி உண்பவர் கடைநிலையினர் என்று மனிதரைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று.

ஆயினும் உணவு மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. அங்கே எழுந்த கேள்வி இலையில் என்ன இருக்கிறது என்பதன்று. பக்கத்து இலையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதே. இன்றைய பிணக்குகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிகவும் உதவும்.

மறுபுறம், புலால் மறுத்தோர் அனைவரும் கதவடைத்தவர் அல்லர். கொல்லாமையை உறுதியாக வலியுறுத்திய வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறத்தே நிறுத்திய அவரும், பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறிட வேண்டும் என்றே கற்பித்தார். கொள்கையில் தளராமலேயே கை நீட்ட முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

நம் சமுதாயத்தின் வரலாற்றிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு. இந்திய முஸ்லிம் என்றாலே இறைச்சி உண்பவர் என்ற எண்ணம் பிறரிடம் மட்டுமன்று, நம்மிடமும் உண்டு. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி ஹமீதுத்தீன் நாகௌரி, அஜ்மீர் காஜா முயீனுத்தீன் சிஷ்தி அவர்களின் சீடர்; இராஜஸ்தானத்து நாகௌர்ப் பகுதியில் சிறு நிலத்தை உழுது வாழ்ந்தவர்; புலால் உண்ணாதவர். அஜ்மீர் தர்காவில் அக்பரும் ஜஹாங்கீரும் வழங்கிய இரு பெருங்கொப்பரைகளில் இன்றளவும் இறைச்சி சமைக்கப்படுவதில்லை. அரிசியும் நெய்யும் சர்க்கரையும் பருப்பு வகைகளும் சேர்ந்த இனிப்புச் சோறே ஆக்கப்படுகிறது. எந்தச் சமயத்தார் வந்தாலும் தயங்காமல் கையேந்தி உண்ண அது வழி செய்கிறது.

முகலாய அரண்மனைச் சமையலை விவரிக்கும் அபுல் ஃபஸ்லின் ஆயினே அக்பரி, உணவை மூன்று வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் முதல்வகை இறைச்சி சேராதது. அதன் பெயர் 'சூஃபியானா'. தமிழில் சைவத்தின் பெயர் ஊனற்ற உணவுக்கு வாய்த்தது போல, பாரசீகத்தில் அதற்குச் சூஃபிகளின் பெயர் வாய்த்திருக்கிறது! சமண ஆசாரியர் ஹீரவிஜய சூரியை 1580-களில் சந்தித்த அக்பர், குறிப்பிட்ட நாட்களில் உயிர்வதையைத் தடுத்து ஆணையிட்டார். தாமும் பல நாட்கள் புலாலைத் தவிர்த்தார். ஆனால் அந்த ஆணைகளை மீறியோர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டதைப் பதாயூனி கசப்புடன் பதிவு செய்கிறார். மன்னர் தாமே விரும்பித் தவிர்த்தது ஒன்று; குடிகளின் அடுப்பில் ஆணை நுழைந்தது வேறொன்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பிணக்கு அரசியலாக உருமாறியது. 1882-இல் தயானந்த சரஸ்வதி பசுப் பாதுகாப்புச் சபையைத் தொடங்கினார். 1893-இல் ஆஸம்கட் பகுதியிலும் பம்பாயிலும் கலவரங்கள் மூண்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசுவைப் போற்றுவது வேறு, புலால் மறுப்பது வேறு. பசுவைப் போற்றுவோரில் பெருந்தொகையினர் ஆட்டிறைச்சியும் மீனும் உண்பவர்களே. இரண்டும் ஒன்றாகக் கலக்கப்பட்டபோதுதான் முஸ்லிமின் அடுப்பு முழுவதுமே ஐயத்திற்கு உள்ளானது.

காந்தியடிகள் தீவிரமான மரக்கறி உணவாளர், பசுவை வழிபட்டவர். ஆனால் 1909-இல் எழுதிய 'ஹிந்த் சுவராஜ்' நூலில், பசுவைக் காப்பதற்காக முஸ்லிமைக் கொல்ல மாட்டேன், அவரிடம் வேண்டிக்கொள்வேன் என்ற நிலையை எடுத்தார். வற்புறுத்தல் மிகுந்ததால் பசுவதையும் மிகுந்தது என்று எச்சரித்தார். கிலாஃபத் இயக்கத்திற்குத் துணை நின்றபோது, அதற்கு ஈடாகப் பசுவதையை நிறுத்துங்கள் என்று அவர் பேரம் பேசவில்லை. பேரம் இல்லாத இடத்தில் நல்லெண்ணம் தானே முளைத்தது. 1919 இறுதியில் அமிர்தசரஸில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய ஹக்கீம் அஜ்மல் கான், பக்ரீத் குர்பானியில் மாட்டுக்கு மாற்றாகப் பிற பிராணிகளைத் தேர்ந்துகொள்ளுமாறு முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார்.

விடுதலைக்குப் பின் வழக்கு நீதிமன்றம் ஏறியது. குறைஷி சமூகத்து இறைச்சி வணிகர்கள் தொடுத்த வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம், பசுவதைக்கான முழுத்தடை செல்லும் என்றும், உழைக்கும் பயன் தீர்ந்த எருதுகளுக்கும் தடை விதிப்பது அந்த வணிகரின் பிழைப்பைப் பறிக்கும் என்றும் கூறியது. 2005-இல் அதன் பிற்பகுதி மாற்றப்பட்டது. 2008-இல், சமணரின் பர்யூஷண நாட்களில் அகமதாபாத்தின் இறைச்சிக்கூடங்களை 9 நாட்கள் மூடுவது செல்லும் என்ற தீர்ப்பில் நீதிமன்றம் அக்பரையே நினைவுகூர்ந்தது. வழக்கு மன்றத்தில் தீரும் பிணக்கு ஒருபுறமிருக்க, 2015-இல் தாத்ரி அருகே ஒரு வீட்டில் பசு இறைச்சி இருப்பதாகக் கிளம்பிய வதந்தியே ஓர் உயிரைப் பறித்தது. தட்டில் இருப்பது என்ன என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

இத்தனைக்கும் நடுவே நம் மார்க்கம் காட்டும் வழி என்ன?

உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் உண்ணவில்லை. தமக்கு அது பழக்கமில்லை என்றார்கள். ஆனால் தடுக்கவும் இல்லை; காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் முன்னிலையிலேயே அதை உண்டார்கள். மனம் ஒவ்வாததும் மார்க்கம் விலக்கியதும் வெவ்வேறு என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கிறது. ஒருவரின் ஒவ்வாமை அடுத்தவருக்குச் சட்டமாகாது. அந்த ஒவ்வாமையை ஏளனம் செய்யவும் இடமில்லை. நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். அண்டை வீட்டாரின் சாம்பாரைப் 'புல் பூண்டு' என்று கேலி செய்யும் நாவுக்கும் அது பொருந்தும்.

பூண்டும் வெங்காயமும் ஹலாலானவையே. ஆயினும் அவற்றைப் பச்சையாக உண்டவர் அந்த வாடையுடன் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று தடுக்கப்பட்டார். உரிமை இருக்கும் இடத்திலும் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு மதிப்பு உண்டு. அப்படியானால் குர்பானிக் கழிவுகளைத் தெருவோரம் விடுவதும், தோலையும் குருதியையும் படமெடுத்துப் பரப்புவதும் எவ்வாறு தகும்? இறைச்சியும் குருதியும் இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அடைகிறது என்பதன்றோ குர்ஆனின் போதனை!

ஆணம் காய்ச்சினால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைவுகொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) கேட்டார்கள். நம் அண்டை வீட்டார் புலால் உண்ணாதவர் என்றால் அந்தக் கடமை நீங்கிவிடாது. பாத்திரத்தில் உள்ளது மட்டுமே மாறும். பெருநாளன்று தனிப் பாத்திரத்தில் ஆக்கிய சேமியாவோ பழமோ அவர் வீட்டுக்குப் போகட்டும். கறி சேர்க்காமல் காய்ச்சிய நோன்புக் கஞ்சி போகட்டும். கறி சேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நம் நாணயம். ஹராம் கலந்த உணவை நமக்கு ஒருவர் தெரியாமல் ஊட்டினால் நாம் படும் வேதனையையே அவரும் படுவார்.

இதற்காக ஹலாலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உணவைக் காட்டி வீடு மறுப்பதையும் இழிவு செய்வதையும் சட்டத்தின் வழியிலும் நல்லுரையின் வழியிலும் எதிர்க்கவே வேண்டும். 2014-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் புலால் உண்ணாதோர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு என்றது. ஆகவே இந்த மண்ணில் நம் உணவு அயலாருடையது அன்று. பெரும்பான்மைத் தமிழரின் உணவே அது. அந்த உறுதியுடன், உணவுப் பெட்டியைத் தலைநிமிர்ந்து திறக்கவும், பக்கத்துப் பெட்டியில் இருப்பதை மதிக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். இரண்டு அடுப்புகளின் புகையும் ஒரே தெருவில் கலந்து எழும் வாழ்வை வல்ல இறைவன் நமக்கு நிலைக்கச் செய்வானாக.