கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம்: ஒரு கடல்வழியின் சாட்சி

ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்தால் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் கொடி ஏறும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கிய சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக 12 நாட்கள் நடக்கும் விழா அது. மௌலிது ஓதல், பக்கீர் பாவாக்களின் றபான், கந்தூரிச் சோறு, மணலில் விரித்த வளையல் கடைகள் என்று எங்கள் சிறுவயதில் அது இன்னொரு பெருநாள். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்தள்ளி வருவதால், சோளகக் காற்றிலும் வாடை மழையிலும் கொடி ஏறக் கண்டவர்கள் நாங்கள்.

இருபது வயதில் நான் அங்கு போவதை நிறுத்தினேன். பயான்கள் கேட்டு வந்த சூடு. ஒருமுறை உம்மா கூட்டிப் போகச் சொன்னபோது, “அங்க என்ன இருக்கு உம்மா? நாகூரார் நாகூர்ல. இஞ்ச கபுறுமில்ல, ஒண்டுமில்ல” என்றேன்.

“அது எனக்கும் தெரியும் மனெ. எங்கட வாப்பா தோணியில போனா, கரைக்கு வந்து சேரணுமெண்டு எங்கட உம்மா நேந்த இடம் அது” என்றார்.

நான் போகவில்லை. உம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குள் எங்கள் ஊரின் வரலாறு இருந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பது வருடங்கள் பிடித்தன. மிச்சத்தைக் கேட்க இன்று உம்மா இல்லை.

கபுறு இல்லாத நாகூர் தர்கா எங்களிடம் மட்டும் இருப்பதல்ல. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்காவும் அப்படித்தான். பினாங்கின் சூலியா வீதியிலும் ஒன்று உண்டு. தெலுக் ஆயர் வீதி இன்று நகரின் நடுவில் இருந்தாலும், கடலை நிரப்புவதற்கு முன்னர் அதுதான் கரை. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறிய தமிழ் முஸ்லிம்கள், தங்களைக் காத்தவராக நம்பிய வலியின் நினைவையும் கூடவே கொண்டுபோய் இறங்கிய கரையில் ஊன்றினார்கள். நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வருவதும் இதே கடல் வாழ்வின் அடையாளம்தான்.

எங்கள் கொடியேற்றத்துக்கும் சுமார் இருநூறு வருட வயது சொல்லப்படுகிறது. அப்படியானால் அது சிங்கப்பூர் தர்காவின் சமகாலத்தது. இரண்டையும் ஒரே கடற்போக்குவரத்தின் தடங்களாகப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கிழக்குக் கரை முஸ்லிம்களை வயல்காரர்களாகவே எழுதிப் பழகிவிட்டோம். கடலுக்கும் எங்களுக்கும் இருந்த உறவுக்கு ஆண்டுதோறும் சாட்சி சொல்வது இந்தக் கொடிதான்.

‘கொடியேற்றம்’ என்ற சொல்லை எங்கள் அயலிலுள்ள கோயில்களும் நாமும் பொதுவாகவே வைத்திருக்கிறோம். தமிழ் அயலவர்கள் நேர்த்தியோடு இந்தப் பள்ளிக்கு வந்ததைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். யுத்த காலம் அந்த வரவைக் குறைத்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையோரத் தெருக்களையே கொண்டுபோனது. அதன் பிறகும் கொடி ஏறியது.

இது மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்ற விவாதம் நம் ஊர்களில் ஓயவில்லை. அதன் தீர்ப்பு உலமாக்களின் வேலை. ஆனால் ஆகாது என்பவர் அழிக்க நினைப்பதாலும், ஆகும் என்பவர் கறாமத்துக் கதைகளோடு நின்றுவிடுவதாலும் நடுவே வரலாறு கைநழுவுகிறது. ஒரு வழக்கத்தைப் பதிந்துவைப்பது அதற்குப் பத்வா கொடுப்பதாகாது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய விழா நோட்டீசுகள், கந்தூரிக் கணக்குக் கொப்பிகள், படங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கொடி தைத்தவர்கள் யார், துணி எங்கிருந்து வந்தது, எந்தத் தோணிக்காரர் எதற்காக நேர்ந்தார் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்க மறந்தது அதைத்தான்.