ஆட்டோவின் முதுகில் சங்கரண்ணா

பெங்களூர் ஆட்டோக்களின் பின்பக்கத்தில் கன்னட நடிகர்களின் படங்கள் இருக்கும். ராஜ்குமார் இருப்பார், விஷ்ணுவர்தன் இருப்பார், இப்போது புனித்தும் இருக்கிறார். ஆனால் ஓட்டுநர்கள் 'நம்ம ஆள்' என்று உரிமையோடு ஒட்டிக்கொள்வது சங்கர் நாக் படத்தைத்தான்.

அந்த ஸ்டிக்கருக்கு மூலம், அவர் ஆட்டோக்காரராக நடித்து 1980இல் வந்த 'ஆட்டோ ராஜா' என்ற கன்னடப் படம். சங்கர் நாக் நாடக மேடையிலிருந்து வந்தவர். கிரிஷ் கார்னாட் இயக்கத்தில் நடித்த தன் முதல் படத்துக்கே சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். பிறகு தூர்தர்ஷனுக்காக 'மால்குடி டேஸ்' எடுத்து நாடு முழுக்கத் தெரிந்தவரானார். இத்தனையிலிருந்தும் தெரு தனக்கென்று எடுத்துக்கொண்டது ஆட்டோக்காரன் வேடத்தை. அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். மீட்டர் தகராறில் நாள்தோறும் ஏச்சு வாங்கும் தொழிலில், அந்தத் தொழிலையே செய்யும் ஒரு கதாநாயகன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

கதை 1982இல் சென்னைக்கு வந்து விஜயகாந்தின் 'ஆட்டோ ராஜா' ஆனது. இங்கே ஆட்டோ என்றதும் நினைவுக்கு வருவது 1995இன் 'பாட்ஷா'தான். அதில் நடித்த ரஜினியும் ஒரு காலத்தில் பெங்களூரில் பஸ் கண்டக்டர். ஆனால் படத்தில் அவர் ஏற்ற ஆட்டோக்காரர் மாணிக்கத்துக்குக் காக்கிச் சட்டை பழைய வாழ்க்கையை மறைக்கும் வேடம். ரஜினி எல்லோருக்கும் பொது. ஒரு தொழிலுக்கே சொந்தமாகிப்போன நடிகர் தமிழில் இல்லை.

1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே அனகோடில் நடந்த கார் விபத்தில் சங்கர் நாக் இறந்தார். வயது 35. சுவரொட்டிகள் கிழிந்தன, ஸ்டிக்கர் வண்டி மாறி வண்டி ஏறியது. கறுப்பு மஞ்சள் ஆட்டோ போய்ப் பச்சை ஆட்டோ வந்தபோதும் கூடவே வந்தது. ஆட்டோ ஸ்டாண்டுகளின் பெயர்ப்பலகைகளில் அவர் பெயர் 'சங்கர் நாக் ஆட்டோ நில்தாணா' என்று ஏறியது. நவம்பர் 9, அவர் பிறந்தநாளில், அந்தப் படங்களுக்கு மாலை விழுகிறது. மாலை போடுகிறவர்களில் பலர் அவர் இறந்தபின் பிறந்தவர்கள். அவரைத் தியேட்டரில் பார்த்தே இராதவர்கள். மூத்த ஓட்டுநரிடமிருந்து வண்டியோடு இந்தப் பற்றும் கைமாறுகிறது.

பெங்களூருக்கு மெட்ரோ ரயில் வேண்டும் என்று எண்பதுகளிலேயே பேசியவர் சங்கர் நாக். அது 2011 அக்டோபரில் ஓடத் தொடங்கி, ஆட்டோக்காரர்களின் சவாரியில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. அதற்காக யாரும் ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. மெட்ரோ முதலில் சங்கரண்ணாவின் யோசனை என்று சவாரிக்காரரிடம் பெருமையோடு சொல்பவர்களும் அவர்கள்தான்.