சேதுக் காசின் மதிப்பு

கல்லடியிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் பழஞ்செப்புக் காசொன்று ஒருவர் கைப்படின், அது என்ன விலை பெறும் என்பதே முதலில் எழும் வினா. சேதுக் காசைப் பொறுத்தவரை, அதனை அடித்தவர் யார் என்பதிலேயே அவ்வினாவின் விடை தங்கியிருந்தது.

ஒருபுறம் நிற்கும் அரசனுருவம். மறுபுறம் படுத்திருக்கும் இடபம், பிறை, ‘சேது’ என்னும் தமிழெழுத்துக்கள். சேது என்றதும் இராமநாதபுரத்துச் சேதுபதிகளையே சிலர் நினைத்தனர். அவ்வாறாயின் அது கடல்கடந்து வந்த பிற்காலச் சில்லறையே. ஆராய்ச்சியும் அவ்வளவில் முடிந்துவிடும்.

இதனை மறுத்தோர் நாணயவியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்க குரு, எச். டபிள்யூ. கொட்றிங்டன் சிவில் சேவை அதிகாரி. முன்னவர் 1920 இலும் பின்னவர் 1924 இலும் இக்காசுகளை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியனவாகக் கொண்டனர். இடபம் அம்மன்னரின் இலச்சினை. நிற்கும் அரசனுருவமோ இராசராசன் காசிலிருந்து பொலன்னறுவை மன்னர் வழியாக இலங்கையில் தொடர்ந்த மரபு. இவற்றினும் வலிய சான்று, கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டு. சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைக் கூறும் அத்தமிழ்ச் சாசனம் ‘சேது’ என்றே தொடங்குகின்றது. சேதுபதிகளின் ஆட்சி 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நிலைபெற்றது. கல்வெட்டோ அதற்கு நெடுங்காலம் முந்தியது.

தன் பெயரில் காசு அடிப்பது தனியரசின் உரிமை. யாழ்ப்பாண அரசின் சாசனங்கள் மிகச் சிலவே எஞ்சியிருத்தலின், விலைபோகாதெனத் தள்ளப்பட்ட அச்செப்புத்துண்டு அவ்வரசுக்கு நேர்ச்சான்றாயிற்று. ஆயினும் வழக்கு முற்றாகத் தீரவில்லை. காசுகளில் மன்னன் பெயர் இல்லாமையால், எவ்வகை எம்மன்னனுக்கு உரியது என்பதில் அறிஞர் இன்னும் வேறுபடுவர்.