ஐந்தரை மணிக்குக் கிளம்பிய கணக்கு அதிகாரி

ரெண்டு மாதமாக இங்கே எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் கணக்கு முடிப்பு, பின்னாலேயே ஆடிட் என்று கிளையில் ஆணி அதிகம். போதாததற்குப் பதவி உயர்வுக்கு விருப்பம் கேட்கும் படிவம் வேறு மேஜையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டால் அடுத்த ஊர் எதுவென்று தெரியாது. மகள் பத்தாம் வகுப்பு. திருச்சியில் அப்பா தனியாக இருக்கிறார். போன வாரம் தங்கமணி கேட்டாள்: "என்னங்க, ஒரு மனுஷன் எத்தனை வேலையைத்தான் பார்க்க முடியும்?"

இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக வைத்திருக்கும் பதில் சர் சி.வி.ராமன். கொல்கத்தாவில் குப்பை கொட்டும் எங்களைப் போன்ற தமிழ் அதிகாரிகளுக்கு அவர்தான் குலதெய்வம் :-) ஆனால் இந்த முறை அந்தக் கதையை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது.

ராமன் 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வந்துவிட்டது. ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பி அடுப்பு எரியாது. அண்ணன் சுப்பிரமணியன் நிதித்துறைப் பணிக்குப் போயிருந்தார். தம்பியும் அதே தேர்வை எழுதி 1907-ல் முதலிடத்தில் தேறினார். அதே வருஷம் லோகசுந்தரியுடன் கல்யாணம். ஜூன் மாதம் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல். வயது பதினெட்டுதான்!

ஆபீஸ் போய்வரும் வழியில், டிராமிலிருந்து, பவுபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் ஆரம்பித்த அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. நிறுவியவர் 1904-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. அவர் மகன் அமிர்தலால், வந்த இளைஞரை இரண்டு கையாலும் வரவேற்றார்.

அன்றாட நடைமுறை இதுதான். காலை ஐந்தரைக்குக் கழகம். ஒன்பதே முக்காலுக்கு வீடு. குளித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து நேரே மறுபடி கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிறு முழுக்க அங்கேயே.

டிரான்ஸ்பர் யாரை விட்டது? 1909-ல் ரங்கூன், 1910-ல் நாக்பூர், 1911-ல் மறுபடி கல்கத்தா. 1910-ல் அப்பா இறந்தபோது ஆறு மாத விடுப்பில் சென்னை வந்தார். அப்போதும் மாநிலக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். கல்கத்தா திரும்பியதும் கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், நேராக உள்ளே போக ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

"பார்த்தாயா, ஒரே ஆள், இரண்டு வேலை" என்று இங்கேதான் நான் கதையை முடிப்பது வழக்கம். இந்த முறை பற்று, வரவு எழுதினேன். கழகத்தில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம், ஆபீசில் ஏழு. மிச்சம் எட்டு மணி நேரத்தில் தூக்கம், குளியல், சாப்பாடு எல்லாம். பதின்ம வயதில் பாஷை தெரியாத ஊருக்கு வந்த லோகசுந்தரிக்கு எந்தப் பத்தியிலும் இடம் இல்லை. அந்த வீட்டை யாரோ ஒருவர் முழுநேரமும் சுமந்ததால்தான் இரண்டு வேலையும் நடந்தது.

இன்னொன்றையும் நான் சொல்லாமல் விட்டு வந்திருக்கிறேன். அந்த ஓட்டம் பத்து வருஷம்தான். 1917-ல், ஏறத்தாழ பாதிச் சம்பளத்துக்கு, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். அரசாங்க வேலையை விட்டார். இரண்டு மகன்களும் பிறந்தது அதற்குப் பிறகு. ராமன் விளைவு 1928-ல், நோபல் பரிசு 1930-ல். எல்லாவற்றையும் சமாளித்ததற்கு உதாரணமாக நான் காட்டி வந்த மனிதர், ஒன்றை இறக்கி வைத்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

அண்ணன் சுப்பிரமணியன் கணக்குத் துறையிலேயே இருந்துவிட்டார். அவருக்கும் லாகூர், சென்னை என்று மாற்றல்கள். வயலின் வாசித்தார், கர்நாடக இசை பற்றி எழுதினார். பத்துக் குழந்தைகள். 1910-ல் லாகூரில் பிறந்த மகன் சந்திரசேகருக்குப் பன்னிரண்டு வயது வரை படிப்பு வீட்டில்தான். பெற்றோரும் டியூஷன் ஆசிரியர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு 1983-ல் நோபல் பரிசு. அவன் அம்மா சீதாலட்சுமி, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். கணவன் வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை அது!

அண்ணனா, தம்பியா, யார் மனநிறைவோடு வாழ்ந்தார்கள் என்று மார்க் போட நான் யார்? எனக்கு உறைத்தது ஒன்றுதான். என் பொறுப்புகளைப் பட்டியல் போடும்போதெல்லாம் பேங்க், அப்பா, மகள், எழுத்து என்று என்னுடையதை மட்டுமே எண்ணி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பவுபஜார் போய்ப் பார்த்தேன். கழகம் ஜாதவ்பூருக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. தெருவின் பெயரும் மாறிவிட்டது. அதே 210-ஆம் எண்ணில் இப்போது இருப்பது ஒரு வணிகவியல் கல்லூரி. பி.காம். படித்த எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து தங்கமணியை உட்காரவைத்து, "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "பாதியில் விட்ட பி.எட்.டை முடிக்கணும்" என்றாள். அவள் அதைப் பாதியில் விட்டதே என் முதல் டிரான்ஸ்பரால்தான். பதினேழு வருஷமாக இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறீர்கள் மக்களே?