யாருடைய கொல்லி? வல்வில் ஓரியின் கொலையும் நினைவின் மாற்றங்களும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இன்றும் அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு முதலிய சிறு நாடுகளாகப் பகுத்து வழங்கப்படுகிறது. இந்நாடுகளை உள்ளடக்கிய மலையின் தலைவனாகச் சங்கப் பாடல்கள் காட்டும் வல்வில் ஓரி, முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான் என்பதும், அதன் பின்னர் மலை சேரர் கைக்குச் சென்றது என்பதும் அப்பாடல்கள் தரும் செய்தி. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே புலவர் மரபால் புகழப்பட்டவர்கள் ஆதலின், இக்கொலையைத் தமிழ் இலக்கியம் ஒற்றை உணர்வோடு பதிவு செய்யவில்லை. அந்த இருமை எவ்வாறு தோன்றியது, பிற்காலத்தில் எவ்வாறு மங்கியது, அண்மைக் காலத்தில் எந்த வடிவில் மீண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொலை என்னும் சொல்

ஓரி வஞ்சகமாகக் கொல்லப்பட்டான் என்று சங்கப் பாடல் எதுவும் கூறவில்லை. சிறுபாணாற்றுப்படை, காரி என்னும் குதிரையையுடைய காரியோடு ஓரி என்னும் குதிரையையுடைய ஓரி போரிட்டான் என்றே கூறுகிறது. எனவே நேரடிப் போரில் நிகழ்ந்த இறப்பாகவே இதனைக் கொள்ள வேண்டும். ஆயினும் கல்லாடனார் பாடிய அகநானூற்று 209ஆம் பாடல், காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று செயலையும் பயனையும் ஒரே தொடரில் சேர்த்துரைக்கிறது. கொன்றவன் மலையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் மூன்றாமவர் ஒருவர்க்கு அளித்ததனால், இருவருக்கிடையிலான பகையைவிடப் பெரிய அரசியல் கணக்கு ஒன்று இப்போரின் பின்னால் இருந்தது தெளிவாகிறது.

ஓரியின் இரு முகங்கள்

ஓரியைப் பற்றிய பாடல்களில் கொடையும் வில்லாற்றலும் இணைந்தே வருகின்றன. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலில், யானையை வீழ்த்திய அம்பு புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவிச் சென்று புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. அடுத்த பாடலில் அவனிடம் பெற்ற பொருளின் மிகுதியால் பாணரும் கூத்தரும் ஆடலையும் பாடலையும் மறந்துவிடுகின்றனர். இரத்தலின் இழிவையும், கொடாமை அதனினும் இழிந்தது என்பதையும் எடுத்துரைக்கும் கழைதின் யானையாரின் 204ஆம் பாடலும் ஓரியை நோக்கியே பாடப்பட்டது.

நற்றிணை 52ஆம் பாடலோ இவனை மழவர்களின் தலைவனாகக் குறிக்கிறது. மழவர் என்போர் சங்க காலத்து மறவர் குடியினர். அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் ஆநிரை கவர்வோராகவும் வழிச்செல்வோர்க்கு அச்சம் தருவோராகவும் அவர்கள் காட்டப்படுகின்றனர். ஓரி அத்தகைய கொள்ளையில் ஈடுபட்டான் என்பதற்குச் சான்று இல்லை எனினும், பாணர்க்கு வள்ளலாக விளங்கிய ஒருவன் அண்டை நாட்டு வேந்தர்க்கு அடங்காத வில்வீரர் படையின் தலைவனாகவே தோன்றியிருத்தல் இயல்பு.

காரியும் சேரனும்

காரியும் கொடையால் புகழ்பெற்றவனே. கபிலர் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களுள் 122ஆம் பாடல் இங்கு முதன்மையானது. அவனுடைய நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ள நினையார். அந்நாடு அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவர் தமக்குத் துணையாகுமாறு வேண்டி அனுப்பும் பொருளும் பரிசிலர்க்கே சேரும் என்பது அப்பாடலின் கருத்து. புகழ்ச்சியாகவே சொல்லப்பட்ட இச்செய்தி, பெருவேந்தர்க்குப் படைத்துணை வழங்கிப் பொருள் பெறும் குறுநிலத் தலைவனாகக் காரி இருந்ததையும் வெளிப்படுத்துகிறது. கொல்லியை வென்று சேரர்க்கு அளித்தமை இந்த முறைக்கு முற்றிலும் பொருந்துவது.

சேரர் பக்கத்துச் சூழலைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து விளக்குகிறது. அரிசில்கிழார் பாடிய அப்பத்தின் தலைவன், தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறை. பத்தின் இறுதியில் பாட்டுடைத் தலைவனின் செயல்களைத் தொகுத்துரைக்கும் பகுதியான பதிகம், அவன் கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் ஒருசேர வென்றான் என்கிறது. தகடூர் இன்றைய தருமபுரி. சேரரின் கருவூர்ப் பக்கத்திலிருந்து அங்குச் செல்ல முயலும் படைக்குக் கொல்லி எத்துணை இன்றியமையாதது என்பதை நிலவமைப்பே உணர்த்தும். அந்த அதிகர் குடியைச் சேர்ந்த அதியமான் நெடுமான் அஞ்சி காரியின் கோவலூரை அழித்ததை ஔவையார் புறநானூற்று 99ஆம் பாடலில் குறிக்கிறார். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அஞ்சியின் பெயரைத் தாங்கியிருப்பது அப்பகுதியில் அவனுக்கிருந்த செல்வாக்கை உறுதிப்படுத்துகிறது. ஊரை இழந்த காரி சேரனை அடைந்து, அவன் பொருட்டு ஓரியைக் கொன்றான் என்று ஆய்வாளர் சிலர் இந்நிகழ்ச்சிகளைக் கோவைப்படுத்துவர். பாடல்கள் தனித்தனியே தரும் செய்திகளை இணைத்துப் பெற்ற ஊகம் இது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

புலவர் வாக்கில் இருமை

அகநானூற்று 209ஆம் பாடலின் சொல்லமைப்பு நுட்பமானது. காரிக்கு அப்பாடல் தருவது கழலும் தொடியும், அதாவது வீரத்தின் அணிகள். அழியாத நற்புகழை நிறுத்தியவன் என்னும் அடையையோ அது கொல்லப்பட்ட ஓரிக்கே அளிக்கிறது. வெற்றியைக் கூறும் தொடருக்குள்ளேயே தோற்றவனின் புகழ் வென்றவனின் புகழை விஞ்சி நிற்கிறது.

கபிலரின் நற்றிணை 320ஆம் பாடல் இதனினும் கூர்மையானது. ஊர்த்தெருவில் பரத்தை ஒருத்தி நடந்து செல்ல, ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு, ஓரியைக் கொன்றபின் காரி பெருந்தெருவில் புகுந்தபோது பகைவர் இடத்தில் எழுந்த ஒலி உவமையாகிறது. அவ்வொலியைக் குறிக்கக் கபிலர் ஆளும் ‘கல்’ என்பது பேரொலியைச் சுட்டும் ஒலிக்குறிப்புச் சொல். அழுகை, அச்சம், சினம், வியப்பு ஆகிய அனைத்துக்கும் அதில் இடமுண்டு. தம் கணவரைக் காத்துக்கொள்ள முனையும் மகளிரின் பதற்றத்தோடு இது ஒப்பிடப்படுவதனால், வென்றவன் வரவேற்கப்பட்டான் என்னும் பொருளுக்கு இடமே இல்லை. காரியைப் புறநானூற்றில் புகழ்ந்த கபிலரே அவன் புகுந்த தெருவின் கலக்கத்தையும் பதிவு செய்கிறார். தம் உயிர்த்தோழன் பாரி வேந்தரால் வீழ்த்தப்பட்டதைக் கண்ட புலவர் அவர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணத் தகும்.

உடைமை மாறிய பாவை

கொல்லிமலையில் தெய்வத்தால் ஆக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பெண்ணுருவம் கொல்லிப்பாவை. தலைவியின் அழகுக்கு உவமையாக அது பல பாடல்களில் வருகிறது. அப்பாவை நிற்கும் மலை யாருடையது என்று புலவர் கூறுவதில் ஆட்சி மாற்றத்தின் தடம் தெரிகிறது. குறுந்தொகை 100ஆம் பாடலில் கபிலர் அதனை ஓரியின் கொல்லி என்கிறார். பரணர் நற்றிணை 265ஆம் பாடலில் மழைபோன்ற கொடையுடைய ஓரியின் கொல்லியைப் பாடியிருக்க, குறுந்தொகை 89, அகநானூறு 62 ஆகிய பாடல்களில் அவரே அதனைப் பொறையனுக்கு, அதாவது சேரனுக்கு, உரியதாக்குகிறார். ஒரே புலவரின் வாக்கில் மலை கைமாறியிருக்கிறது. உவமையின் அழகில் எந்தக் குறைவும் இல்லை. இறந்தவனுக்கான துயரத்தையும் புதிய உடைமையாளனை ஏற்கும் நடைமுறையையும் புலவர் மரபு அருகருகே வைத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரே வரிசையில் இருவர்

அடுத்த நிலையில் இப்பகை வரிசை ஒன்றுக்குள் அடங்குகிறது. பெருஞ்சித்திரனார் பாடிய புறநானூற்று 158ஆம் பாடலும் சிறுபாணாற்றுப்படையும் பாரி, ஓரி, காரி, அதிகன், பேகன், ஆய், நள்ளி ஆகிய எழுவரை, தம் காலத்துக்கு முன் மறைந்த வள்ளல்களாக ஒருங்கு போற்றுகின்றன. இவர்களே பின்னர்க் கடையெழு வள்ளல்கள் எனப்பட்டனர். கொன்றவனும் கொல்லப்பட்டவனும், கொன்றவனது ஊரை அழித்த அதிகர் குடியும் இவ்வரிசையில் உடனிருக்கின்றனர். கொடையே அளவுகோலாகும்போது குருதி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆயினும் சிறுபாணாற்றுப்படை காரியோடு நிகழ்ந்த போரை ஓரியின் அடையாளமாகவே கூறுவதனால், பகை முழுமையாக மறக்கப்படவில்லை.

மறதியின் நூற்றாண்டுகள்

இடைக்காலத்தில் சேரரின் உரிமையே நிலைத்தது. பெருமாள் திருமொழி பாடிய குலசேகராழ்வார் தம்மைக் கொல்லிக் காவலன் என்று அழைத்துக்கொள்கிறார். காரி கொடுத்த மலை சேரர் மரபின் பட்டமாகவே மாறியிருந்ததை இது காட்டுகிறது. அதே மலையிலுள்ள அறப்பளீசுவரர் கோயில், அறைப்பள்ளி என்னும் பெயரில் தேவார வைப்புத்தலமாக, அதாவது தனிப்பதிகம் பெறாமல் பிற பதிகங்களில் பெயரளவில் சுட்டப்பெற்ற தலமாக, இடம்பெற்றது. மலையில் இன்று வாழும் மலையாளி பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்று கூறும் வழக்குடையவர்கள்; ஆகவே அவர்தம் குடிவரலாறு ஓரியிலிருந்து தொடங்குவதில்லை.

அச்சும் விழாவும்

ஓரி மீண்டது ஏட்டுச்சுவடிகள் அச்சேறியதன் வழியே. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும், பதிற்றுப்பத்து 1904இலும் வெளிவந்தன, பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு 1915இல் வந்தது. பாடநூல்களும் மேடைகளும் கடையெழு வள்ளல்களைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. இன்று செம்மேட்டில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடிப்பெருக்கையொட்டி அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. அறப்பளீசுவரரை வழிபட மக்கள் திரளும் ஆடி நாள்களோடு இவ்விழா இணைந்திருப்பதனால், நூல் வழி வந்த நினைவு மலையின் வழிபாட்டுக் காலத்தில் வேர்கொண்டிருக்கிறது.

இவ்விழாவில் போற்றப்படுபவன் ஓரி ஒருவனே. காரியின் நினைவு தென்பெண்ணைக் கரையில், மலையமான் நாடாகிய திருக்கோவலூர்ப் பகுதியில் தனியே போற்றப்படுகிறது. சங்கப் புலவர் ஒரே பாடலுக்குள் தாங்கிய இரு உணர்வுகளை, பிற்காலம் இரு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது எனலாம்.

முடிவு

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின், ஓரியின் கொலை பற்றிய நினைவு நான்கு நிலைகளைக் கடந்திருப்பது புலப்படும்: சமகாலப் பாடல்களில் புகழும் கலக்கமும் பிரியாமல் நின்றன, வள்ளல் வரிசையில் அவை சமன்செய்யப்பட்டன, இடைக்காலத்தில் வென்றவர் பட்டம் மட்டும் எஞ்சியது, தற்காலத்தில் கொல்லப்பட்டவன் மட்டும் சிலையானான். பின்னிரு நிலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை எனினும், இரண்டும் ஒரு பக்கத்தையே கேட்கின்றன. கபிலர் பதிந்த அந்தத் தெருவின் ஒலியோ எவர் பக்கமும் சாயாமல், காரி புகுந்த நாளின் கலக்கத்தை இன்றளவும் அப்படியே வைத்திருக்கிறது.